மணிக்கணக்கும் மில்லிநொடியும்: பழ ஈயின் உடற்கடிகாரம் நரம்பணுக்களை ஆளும் விதம்

பழ ஈயை முழு இருட்டில், மாறாத 25 டிகிரி செல்சியஸில், நாள்கணக்கில் பூட்டி வைத்தாலும் அது நேரம் தவறுவதில்லை. தன் உடலுக்குப் பகல் என்று படும் பொழுதில் ஓடியாடுகிறது. இரவு என்று படும் பொழுதில் அடங்கிவிடுகிறது. வெளியிலிருந்து ஒரு சைகையும் கிடைக்காத நிலையில் இதை நடத்துவது உடற்கடிகாரம் என்பது பலருக்கும் தெரியும். அந்தக் கடிகாரம் ஈயின் காலை எப்படி அசைக்கிறது என்பது வேறு கேள்வி, அதைவிடக் கடினமான கேள்வி. கடிகார மரபணுக்கள் ஒரு சுற்று முடிக்க ஒரு நாள் ஆகிறது. நரம்பணுவின் ஒரு மின்துடிப்போ ஓரிரு மில்லிநொடியில் எழுந்து அடங்கிவிடுகிறது. ஒரு நாள் என்பது 8 கோடியே 64 லட்சம் மில்லிநொடி. இவ்வளவு மந்தமான ஒன்று இவ்வளவு வேகமான ஒன்றை எதைப் பிடித்து ஆட்டுகிறது?

கடிகாரம் எந்தத் துடிப்பையும் நேரடியாக ஏவுவதில்லை. துடிப்பு எளிதில் எழும் நிலையில் செல்லை வைப்பதா, எழ முடியாத நிலையில் வைப்பதா என்பதைத்தான் அது மணிக்கு மணி மாற்றிக்கொண்டிருக்கிறது. அதன் பிடி செல் சவ்வில் இருக்கும் கசிவுகளின் மேல்தான்.

மரபணுச் சுற்று

1971இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ரொனால்டு கொனோப்காவும் சீமோர் பென்சரும் நேரம் பிசகிய மூன்று ஈ வகைகளைக் கண்டுபிடித்தார்கள். ஒன்றின் நாள் 19 மணி நேரம், இன்னொன்றின் நாள் 28 மணி நேரம், மூன்றாவதற்கு நாள் என்பதே இல்லை. மூன்றும் எக்ஸ் குரோமோசோமில் ஒரே இடத்தில் நேர்ந்த பழுதுகள். அந்த மரபணுவுக்கு 'பீரியட்' என்று பெயர் வைத்தார்கள். அதிலிருந்து தொடங்கி முழுச் சுற்றையும் வெளிக்கொண்டு வந்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகியோர் 2017இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

சுற்று இப்படி ஓடுகிறது. கிளாக், சைக்கிள் என்ற இரு புரதங்கள் ஜோடி சேர்ந்து பீரியட், டைம்லெஸ் ஆகிய மரபணுக்களை முடுக்குகின்றன. இது பகலில் தொடங்கும் வேலை. அந்த மரபணுக்களின் தூது ஆர்.என்.ஏ. முன்னிரவில் உச்சம் தொடும். புரதம் அதே வேகத்தில் சேர்வதில்லை, சில மணி நேரம் பின்தங்கியே வருகிறது. காரணம் டபுள்டைம் என்ற நொதி. பீரியட் புரதம் உருவாக உருவாக அதன்மேல் பாஸ்பேட்டை ஒட்டி அழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். டைம்லெஸ் புரதம் போதிய அளவு சேர்ந்து பீரியடைப் பற்றிக்கொண்ட பிறகுதான் அது தப்பிப் பிழைக்கிறது. நள்ளிரவை ஒட்டி இவை உட்கருவுக்குள் நுழைந்து, தங்களை உண்டாக்கிய கிளாக்–சைக்கிள் ஜோடியையே அடக்குகின்றன. விடிந்ததும் வெளிச்சம் பட்டு டைம்லெஸ் அழிகிறது. காவல் இழந்த பீரியடும் அடுத்த சில மணி நேரத்தில் அழிய, ஜோடி மறுபடி வேலைக்கு வருகிறது.

அந்தப் பின்தங்கல்தான் இந்தச் சுற்றின் உயிர். பீரியட் புரதம் உண்டான உடனேயே தன்னைத் தானே அடக்கியிருந்தால் அளவு ஏதோ ஒரு நடுநிலையில் நிலைத்துப் போயிருக்கும். ஏற்ற இறக்கமே பிறந்திருக்காது.

கிளாக்–சைக்கிள் ஜோடி பீரியடையும் டைம்லெஸையும் மட்டும் முடுக்குவதில்லை. வேறு பல மரபணுக்களும் அதன் கைக்குள் இருக்கின்றன. செல்லின் மின்நடத்தையை மாற்றும் சரக்குகள் அங்கிருந்துதான் வருகின்றன.

ஒரே மணி, வெவ்வேறு முறை

ஈயின் மூளையில் சுமார் 1,39,000 நரம்பணுக்கள் உண்டு. அவற்றில் இந்தச் சுற்று ஓடுபவை பக்கத்துக்கு 75 வீதம் மொத்தம் 150 என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. முழு மூளையின் இணைப்பு வரைபடம் கிடைத்தபின் அந்த எண்ணிக்கை 240ஐ ஒட்டி உயர்ந்திருக்கிறது. கூடியவற்றில் பெரும்பாலானவை டிஎன்3 என்ற மேற்புறக் கூட்டத்தைச் சேர்ந்தவை.

எல்லாக் கூட்டங்களின் பெயரையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. நான்கைத் தெரிந்துகொண்டால் கதை புரிந்துவிடும். மூளையின் இரு பக்கத்திலும் நான்கு நான்காக இருக்கும் சிறிய பக்கச் செல்கள்; அவற்றின் அருகிலேயே நான்கு நான்காக இருக்கும் பெரிய பக்கச் செல்கள். இவ்விரண்டும் பி.டி.எஃப். என்ற 18 அமினோ அமிலக் குறும்புரதத்தைச் சுரப்பவை. இவற்றுக்குச் சற்று மேலே, பக்கத்துக்கு ஆறாக, எல்என்டி என்ற அந்திச் செல்கள். அதற்கும் மேலே, மூளையின் பின்முதுகில், டிஎன்1 கூட்டம். சிறிய பக்கச் செல்களை விடியல் செல்கள் என்று சொல்வதுண்டு. பி.டி.எஃப். செல்களை அழித்தால் ஈ விடியலை எதிர்பார்த்து முன்கூட்டியே எழும் பழக்கம் போய்விடும். அந்திக்கு முந்தைய சுறுசுறுப்பு மட்டும் அப்படியே இருக்கும். 2004இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாகக் காட்டியது இது.

இந்தச் செல்கள் அனைத்திலும் பீரியட் புரதம் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் ஏறி இறங்குகிறது. எல்லாக் கடிகாரங்களும் ஒரே மணி காட்டுகின்றன என்றால், எல்லாச் செல்களும் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்ள வேண்டும் அல்லவா? அப்படி நடப்பதில்லை. 2016இல் பால் டாகர்ட்டின் குழு உயிருள்ள ஈயின் மூளையில், செல் எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறது என்பதைக் காட்டும் கால்சியத்தை 24 மணி நேரமும் அளந்து பார்த்தது. விடியல் செல்களில் விடியலை ஒட்டி உச்சம், பெரிய பக்கச் செல்களில் நடுப்பகலில், அந்திச் செல்களில் பின்மாலையில், டிஎன்3 கூட்டத்தில் இரவில். ஒரே மணி காட்டும் கடிகாரங்கள், முறை வைத்து வேலை செய்யும் ஆட்கள்.

இந்த முறை வரிசையை உண்டாக்குவதில் பி.டி.எஃப். பெரும் பங்கு வகிக்கிறது. விடியல் செல்கள் சுரக்கும் பி.டி.எஃப். அந்திச் செல்களைக் காலை முழுதும் அழுத்தி வைத்து, அவற்றின் முறையை மாலைக்குத் தள்ளிப்போடுகிறது. பி.டி.எஃப். இல்லாத ஈயில் அந்திச் சுறுசுறுப்பு வழக்கத்துக்கு முன்னதாகவே வந்துவிடுவதற்கு இதுவே விளக்கம். முழு இருட்டில் அத்தகைய ஈக்களில் பெரும்பாலானவை சில நாளில் ஒழுங்கை இழந்தும் விடுகின்றன. ஆகவே ஒரு நரம்பணு எப்போது துடிக்கும் என்பதை அதன் சொந்தக் கடிகாரம் மட்டும் முடிவு செய்வதில்லை. அண்டைச் செல்லின் கடிகாரத்துக்கும் அதில் பங்கு உண்டு. கடிகார மரபணுவை மட்டும் பார்த்துவிட்டு நரம்பணுவின் நடத்தையை ஊகிப்பது தவறுவது இங்கேதான்.

இரண்டு கசிவுகள்

நரம்பணு ஓய்வில் இருக்கும்போது அதன் உட்புறம் எதிர்மின் தன்மையோடு இருக்கும். அந்த அளவைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் எப்போதும் சற்றே திறந்திருக்கும் கசிவுக் கால்வாய்கள். பொட்டாசியம் கசிவு செல்லை எதிர்த்திசையில் கீழே இழுக்கும். சோடியம் கசிவு மேலே தூக்கும். ஒரு பொருள் மட்டும் கசிந்தால் செல் போய் நிற்கும் மின்னழுத்தம் அதன் சமநிலை. கணக்குக்காகப் பொட்டாசியத்தின் சமநிலையை −90 மில்லிவோல்ட், சோடியத்தின் சமநிலையை +50 மில்லிவோல்ட் என்று வைத்துக்கொள்வோம். பொட்டாசியத்துக்கு 3 பங்கு கடத்துதிறன், சோடியத்துக்கு 1 பங்கு என்றால் ஓய்வு மின்னழுத்தம் (−270 + 50) ÷ 4, அதாவது −55. பொட்டாசியம் 2 பங்காகக் குறைந்தால் −43. ஐந்தாகக் கூடினால் −67. மின்துடிப்பு எழும் வாசல் −45ஐ ஒட்டி இருக்கும் ஒரு செல்லில், முதல் நிலை வாசலுக்குக் கொஞ்சம் கீழே. இரண்டாவது வாசலைத் தாண்டிவிட்டது, செல் தானாகவே துடித்துக்கொண்டிருக்கும். மூன்றாவதில் அண்டைச் செல் பலமாகத் தட்டினாலும் அது எழாது. கசிவில் சிறு மாற்றம் இவ்வளவு செய்யும். மணிக்கணக்கில் மெதுவாக ஏறி இறங்கும் புரதத்துக்கு ஏற்ற வேலை இது. ஒவ்வொரு துடிப்பையும் அது எண்ண வேண்டியதில்லை.

டிஎன்1 செல்களில் இதுதான் நடக்கிறது என்று ரவி அல்லாடாவின் குழு 2015இல் காட்டியது. அங்கே காலையில் சோடியம் கசிவு கூடுகிறது, மாலையில் பொட்டாசியம் கசிவு கூடுகிறது. ஒன்று ஏறும்போது மற்றது இறங்குவதால் இதை மிதிவண்டியின் இரண்டு பெடல்களுக்கு ஒப்பிட்டார்கள். பொருத்தமான உவமை என்றே சொல்ல வேண்டும், ஏனெனில் ஒரு கசிவை மட்டும் மாற்றிக் கிடைக்கும் வீச்சைவிட இரண்டையும் எதிரெதிராக மாற்றும்போது வீச்சு பெரிதாகிறது. சோடியம் கசியும் கால்வாயின் பெயர் நாரோ அப்டாமன். இந்தக் கால்வாயையே கடிகாரம் நாள்தோறும் கூட்டிக் குறைப்பதாகத் தெரியவில்லை. அதை செல்லுக்குள் தயாராக்கிச் சவ்வுக்கு அனுப்பி வைக்கும் என்.எல்.எஃப்.-1 என்ற துணைப் புரதத்தின் உற்பத்திதான் கிளாக்–சைக்கிள் ஜோடியின் கட்டுப்பாட்டில் ஏறி இறங்குகிறது. சரக்கைத் தொடாமல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துவது போன்ற ஏற்பாடு. கடிகாரம் உடைந்த ஈக்களில் இந்த நாள்முறை ஏற்ற இறக்கம் மறைந்துவிடுகிறது. எலியின் மூளையில் நாள்முறையை நடத்தும் செல்களிலும் இதே ஏற்பாட்டை அந்த ஆய்வு கண்டது. பூச்சியும் பாலூட்டியும் பிரிந்து பல கோடி ஆண்டுகள் ஆனபின்னும் இரண்டு பெடல்களும் அப்படியே இருப்பது வியப்பான செய்தி.

எண்ணிக்கை அல்ல, ஒழுங்கு

துடிப்பு எத்தனை என்பதோடு விஷயம் முடியவில்லை. ஒரு நிமிடத்தில் 60 துடிப்பு என்பது விநாடிக்கு ஒன்றாகச் சீராகவும் வரலாம். கொத்துக் கொத்தாக, இடையிடையே நீண்ட மௌனத்தோடும் வரலாம். சராசரி இரண்டிலும் ஒன்றுதான். மார்க் வூவின் குழு 2018இல் காட்டியபடி, டிஎன்1 செல்கள் இரவில் சீராகத் துடிக்கின்றன, பகலில் ஒழுங்கற்றுத் துடிக்கின்றன. ஒளியால் இயக்கும் கால்வாயைச் செல்லுக்குள் வைத்து, சராசரி வேகத்தை மாற்றாமல் ஒழுங்கை மட்டும் குலைத்தபோது ஈக்களின் தூக்கம் கலைந்தது. சீராகத் துடிக்க வைத்தபோது கலையவில்லை. இந்த வேறுபாட்டின் பின்னால் இருப்பது வைட் அவேக் என்ற புரதம். கடிகாரத்தின் கட்டுப்பாட்டில் இருப்பது. அது இல்லாத ஈயின் டிஎன்1 செல்கள் இரவிலும் பகலைப் போலத் துடிக்கின்றன. தூக்கம் துண்டு துண்டாகிறது. இதே புரதத்தைப் பெரிய பக்கச் செல்களில் பார்த்தால் வேலை வேறு: அந்தியில் அது காபா என்ற அடக்கும் வேதிப்பொருளின் ஏற்பியைச் சவ்வுக்குக் கொண்டுவந்து, விழிப்பூட்டும் அந்தச் செல்களை ஓயவைக்கிறது.

துடிப்பின் சராசரி வேகத்தை மட்டும் வரைபடமாகப் போட்டுவிட்டு 'இரவும் பகலும் வேறுபாடு இல்லை' என்று முடிவு கட்டும் ஆய்வாளர் இதையெல்லாம் தவறவிடுவார். துடிப்புகளுக்கு இடையிலான இடைவெளிகளின் பரவலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நரம்பிழையின் வடிவமும் மாறுகிறது. சிறிய பக்கச் செல்கள் மூளையின் மேற்பகுதிக்கு நீட்டும் இழை நுனிகள் காலையில் விரித்த விரல்களைப் போலக் கிளைத்திருக்கும், இரவில் கூட்டிய விரல்களைப் போல ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகிவிடும். முழு இருட்டிலும் இது நடக்கிறது. மரியா பெர்னாண்டா செரியானியின் குழு 2008இல் கண்டது இது. ஒரே கம்பி, நாளின் வெவ்வேறு பொழுதில் வெவ்வேறு கூட்டாளிகளைத் தொட வாய்ப்பு இருக்கிறது என்று இதற்குப் பொருள். அந்த இழைகளில் இருந்து செய்தி டிஎன்1 வழியாக மூளையின் நடுப்பகுதியில் உள்ள சுரப்பு நரம்பணுக்களுக்குப் போய், அங்கிருந்து உடலை அசைக்கும் சுற்றுகளை நோக்கி இறங்குகிறது.

மூளைக்கு வெளியேயும் கடிகாரம் நரம்பை ஆள்கிறது. ஈயின் உணர்கொம்பில் உள்ள மணம் உணரும் நரம்பணுக்கள் ஒரே மணத்துக்கு இரவில் வலுவாகவும் பகலில் மெலிதாகவும் மின்விடை தருகின்றன. 1999இல் கண்ட இந்த ஏற்ற இறக்கம் பீரியட் அல்லது டைம்லெஸ் பழுதான ஈக்களில் இல்லை. மூளையின் உத்தரவுக்குக் காத்திராமல் அந்த நரம்பணுக்களுக்குள்ளேயே கடிகாரம் ஓடுகிறது. மணத்தை வைத்துப் பயிற்சி கொடுக்கும் எந்தச் சோதனையிலும் நேரத்தைக் குறித்து வைக்காவிட்டால் முடிவுகள் ஒத்துப்போகாமல் தடுமாறுவதற்கு இது ஒரு காரணம்.

அளக்கும்போது எங்கே பிசகும்

நடத்தையை அளக்கப் பயன்படுவது 5 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள கண்ணாடிக் குழாய். ஒரு முனையில் 5 சதவீதச் சர்க்கரையும் 2 சதவீத அகாரும் கலந்த உணவு, அதன்மேல் மெழுகு, மறுமுனையில் பஞ்சு. ஒரு கருவியில் 32 குழாய், ஒவ்வொன்றிலும் ஓர் ஈ. நடுவே செல்லும் அகச்சிவப்புக் கதிரை ஈ குறுக்கே கடக்கும் ஒவ்வொரு முறையும் எண்ணப்படுகிறது. ஆண் ஈக்களையே எடுப்பார்கள். கருவுற்ற பெண் ஈ குழாய்க்குள் முட்டையிட்டால் சில நாளில் புழுக்கள் ஊர்ந்து கதிரைக் குழப்பும், உணவையும் குடைந்துவிடும். 12 மணி நேர வெளிச்சம், 12 மணி நேர இருட்டு என்று மூன்று நான்கு நாள் பழக்கிவிட்டு, பின் குறைந்தது ஏழு நாள் முழு இருட்டு. சொந்தக் கடிகாரத்தின் கால அளவு அந்த இருட்டு நாள்களில்தான் தெரியும். விளக்கு எரிந்ததும் ஈ திடுக்கிட்டு ஓடுவது கடிகாரத்தின் வேலை அல்ல. கடிகாரம் அடியோடு அற்ற ஈயும் ஓடும். விளக்கு எரிவதற்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில் படிப்படியாக ஏறும் சுறுசுறுப்புதான் கடிகாரத்தின் கையெழுத்து.

வெளிச்சக் கசிவு பலரையும் ஏமாற்றியிருக்கிறது. நீல ஒளியை உணரும் கிரிப்டோகுரோம் என்ற புரதம் கடிகாரச் செல்கள் பலவற்றின் உள்ளேயே இருக்கிறது. கண்ணின் உதவி இல்லாமலே டைம்லெஸின் அழிவைத் தொடங்கிவைக்கும். முன்னிரவில் பத்து நிமிட வெளிச்சம் பட்டாலே கடிகாரம் மணிக்கணக்கில் பின்னுக்குப் போகும். பின்னிரவில் பட்டால் முன்னுக்கு வரும். இருட்டு அறையில் ஒரு கருவியின் சிறு நீல விளக்கைக் கூடக் கறுப்பு நாடாவால் ஒட்டி மறைக்க வேண்டும். விளக்கெரியும்போது பெட்டியின் வெப்பம் ஓரிரு டிகிரி ஏறுகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஈயின் கடிகாரம் வெப்பச் சுழற்சிக்கும் இணங்கிப்போகும்.

கிரிப்டோகுரோம் கொடுக்கும் பெரிய தொல்லை வேறு இடத்தில். டாட் ஹோம்ஸின் குழு 2011இல் காட்டியபடி, நீல ஒளி பட்டதும் அது கடிகாரத்துக்காகக் காத்திராமல் பெரிய பக்கச் செல்களின் துடிப்பை நேரடியாகக் கூட்டுகிறது. மூளைக்குள் அந்தச் செல்லைக் கண்டுபிடிக்க வழக்கமாக என்ன செய்கிறோம்? பச்சை ஒளிர்புரதத்தை அதில் வைத்து நீல ஒளியால் ஒளிர வைக்கிறோம். தேடும் விளக்கே அளக்கப் போகும் பொருளை மாற்றிவிடுகிறது. சிவப்பு ஒளிர்புரதத்தைப் பயன்படுத்தலாம். அல்லது கிரிப்டோகுரோம் இல்லாத ஈக்களிலும் அதே அளவீட்டைச் செய்து ஒப்பிடலாம். நீல ஒளியில் இயங்கும் கால்சியம் காட்டிகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

நுண்குழாயை செல்மேல் ஒட்டி மின்னழுத்தத்தை அளப்பதில் நேரம்தான் பெரிய நெருக்கடி. வெளியே எடுத்த மூளை ஓரிரு மணி நேரத்துக்கு மேல் நம்பத்தக்கதாக இருக்காது. இரவு இரண்டு மணிக்கான அளவீட்டைப் பகலில் எடுக்க, விளக்கு நேரத்தைத் தள்ளி வைத்த தனிப் பெட்டியில் ஈக்களைக் குறைந்தது மூன்று நான்கு நாள் வைத்துப் பழக்க வேண்டும். செல்லைச் சுற்றியுள்ள உறையை நொதியால் கரைக்கும்போது நேரம் மிஞ்சினால் சவ்வு பழுதாகிக் கசியும், அந்தக் கசிவும் வரைபடத்தில் உடற்கடிகாரத்தின் வேலை போலவே தோன்றும். குழாயின் திரவம் செல்லுக்குள் புகுந்து உள்ளிருக்கும் சிறு மூலக்கூறுகளை அடித்துச் செல்வதால் தானாக எழும் துடிப்பை முதல் சில நிமிடத்துக்குள் எண்ணிவிட வேண்டும். அல்லது சவ்வை முழுதாக உடைக்காமல் நுண்துளை மட்டும் இடும் முறைக்குப் போக வேண்டும். குளுக்கோனேட் என்ற உப்பு சேர்ந்த குழாய்த் திரவம் வெளித் திரவத்தைச் சந்திக்கும் இடத்தில் வரும் பிழை மின்னழுத்தம் பத்து மில்லிவோல்ட்டைத் தாண்டும். இரவு–பகல் வேறுபாடும் அதே அளவுதான் என்பதால், ஒரு தொகுதிக்குத் திருத்தம் செய்து இன்னொன்றுக்கு விட்டுவிட்டால் இல்லாத நாள்முறை முளைக்கும், இருப்பது மறையும். பெரிய பக்கச் செல்கள் கொத்தாகத் துடிப்பது கண் பக்கமிருந்து வரும் உள்ளீட்டால். மூளையை எடுக்கும்போது பார்வை மடல் சேதமானால் அந்தக் கொத்து போய்விடும். இதைச் செல்லின் சொந்தக் குணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

செல் அடங்கினால் கடிகாரமும் அடங்குமா?

இதுவரை சொன்னது கடிகாரம் சவ்வை ஆளும் கதை. சவ்வு கடிகாரத்தை ஆளுமா? 2002இல் மைக்கேல் நிடபாக், ஜஸ்டின் பிளாவ், டாட் ஹோம்ஸ் ஆகியோர் பி.டி.எஃப். செல்களில் கூடுதல் பொட்டாசியம் கால்வாயை வைத்து அவற்றை மின்னளவில் அடக்கினார்கள். முழு இருட்டில் அந்தச் செல்களுக்குள் பீரியட், டைம்லெஸ் புரதங்களின் ஏற்ற இறக்கமே நின்றுபோனது. கடிகாரத்தின் பல்சக்கரத்தை அதன் முட்களும் சேர்ந்து சுழற்றுகின்றன என்ற எண்ணம் வலுத்தது. செல்லை மிகையாகத் தூண்டினால் அதன் மரபணு வெளிப்பாடு காலைப் பொழுதை ஒத்துவிடுகிறது, அடக்கினால் மாலைப் பொழுதை ஒத்துவிடுகிறது என்று 2012இல் வந்த ஆய்வும் இதற்கு ஆதரவு.

ஆனால் 2002இன் சோதனையில் அந்தக் கால்வாய் செல் உருவான காலம் முதலே வேலை செய்துகொண்டிருந்தது. வளர்ச்சியின் போக்கிலேயே ஏதாவது பிசகியிருக்கலாம். 2011இல் செரியானியின் குழு, உணவில் மருந்து கலந்தால் மட்டும் கால்வாய் உருவாகும்படி செய்து, வளர்ந்த ஈக்களில் சில நாள்களுக்கு மட்டும் அந்தச் செல்களை அடக்கியது. ஈக்கள் ஒழுங்கை இழந்தன. செல்களுக்குள்ளே கடிகாரப் புரதங்கள் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தன. மருந்தை நிறுத்தியதும் ஈக்கள் மறுபடி முறையாக ஓடின, விட்ட இடத்திலிருந்து அல்ல, கடிகாரம் இடையில் நிற்காமலே ஓடிவந்த கணக்குப்படி. இழை நுனிகள் விரிந்து கூடும் வேலையும் அடக்கியபோது ஓரளவு தொடர்ந்தது. துடிப்பு அற்ற கம்பியும் நேரம் பார்த்துத் தன் விரல்களை விரித்துக்கொண்டிருந்தது.